ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்: ஒரு கண்ணாடி வீடும் அதன் வழக்கும்

ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில், பிளானோ என்ற சிற்றூருக்கு அருகே ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஒரு கண்ணாடி வீடு. சிகாகோ மருத்துவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் தன் ஓய்வு நாட்களைக் கழிப்பதற்காக இதைக் கட்டச் செய்தார். வடிவமைத்தவர் ஜெர்மனியில் பிறந்த கட்டடக் கலைஞர் லுட்விக் மீஸ் வான் டெர் ரோ. 1945ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி 1951ஆம் ஆண்டு நிறைவு பெற்றது. அதே ஆண்டில் வீட்டுக்காரரும் கட்டடக் கலைஞரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடக் கலை பற்றிய பாடநூல்களில் இந்த வீட்டுக்கு நிலையான இடம் உண்டு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்ற பழமொழி எவ்வளவு பெரிய மனிதர்களுக்கும் பொருந்தும் என்பதற்கும் இது ஒரு சான்று. செலவைப் பற்றியும் வசதியைப் பற்றியும் தெளிவாக எழுதி வைக்காமல் தொடங்கிய வேலை, ஆறு ஆண்டு நட்பை எப்படி முறித்தது என்பதே இந்த வீட்டின் வரலாற்றில் முக்கியமான பகுதி.

கட்டச் சொன்னவர்

எடித் ஃபார்ன்ஸ்வொர்த் 1903ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்தார். வசதியான குடும்பம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தார். பின்னர் இத்தாலிக்குச் சென்று வயலின் பயின்றார். இசையைத் தொழிலாகக் கொள்ளாமல் நாடு திரும்பி நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து முடித்தார். பெண்கள் மருத்துவத் துறையில் முன்னேறுவது கடினமாக இருந்த காலம் அது. அக்காலத்தில் அவர் சிறுநீரக நோய் வல்லுநராகவும் ஆய்வாளராகவும் பெயர் பெற்றார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வாரம் முழுவதும் மருத்துவமனை வேலை இருந்ததால், நகரை விட்டு விலகி அமைதியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்று விரும்பினார். 1945ஆம் ஆண்டில், சிகாகோவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் சுமார் 9 ஏக்கர் நிலம் வாங்கினார். நிலத்தை விற்றவர் சிகாகோ ட்ரிபியூன் நாளிதழின் வெளியீட்டாளர் ராபர்ட் மெக்கார்மிக்.

கட்டித் தந்தவர்

மீஸ் வான் டெர் ரோ 1886ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆகென் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை கல் வேலை செய்பவர். 1929ஆம் ஆண்டு பார்சலோனா உலகக் கண்காட்சியில் ஜெர்மனிக்காக இவர் கட்டிய அரங்கு இவருக்குப் புகழ் தந்தது. புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியின் கடைசி இயக்குநரும் இவரே. நாஜி ஆட்சியில் 1933ஆம் ஆண்டு அப்பள்ளி மூடப்பட்டது. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து சிகாகோவில் கட்டடக் கலைத் துறைப் பேராசிரியரானார்.

அதுவரை அமெரிக்காவில் அவர் வடிவமைத்த வீடு எதுவும் கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை. அதனால் இந்த வீடு அவருக்கும் முக்கியமானது. எஃகும் கண்ணாடியும் மட்டுமே கொண்டு ஒரு வீட்டை எந்த அளவுக்கு எளிமையாக்க முடியும் என்ற நெடுநாள் கேள்விக்கு விடை காண ஒரு வாய்ப்பு கிடைத்தது.

1945ஆம் ஆண்டின் இறுதியில் நண்பர்கள் வீட்டு விருந்தொன்றில் இருவரும் சந்தித்தனர். தன் அலுவலகத்தில் உள்ள இளைஞர் யாராவது ஒரு சிறிய வீட்டை வடிவமைத்துத் தருவாரா என்று ஃபார்ன்ஸ்வொர்த் கேட்டதாகவும், தானே செய்து தர விரும்புவதாக மீஸ் சொன்னதாகவும் அவர் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் உள்ளது. அதன் பிறகு இருவரும் பலமுறை ஆற்றங்கரைக்குச் சென்று இடத்தைப் பார்த்தனர். நட்பு வளர்ந்தது. ஆனால் கட்டணம் எவ்வளவு, வீட்டுக்கு உச்சவரம்புச் செலவு எவ்வளவு என்பதை இருவரும் ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திடவில்லை.

வடிவமைப்பு

வீட்டின் அமைப்பை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். எட்டு எஃகுத் தூண்கள் ஒரு தளத்தையும் ஒரு கூரையையும் தாங்கி நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே நான்கு புறமும் கண்ணாடி. தளம் சுமார் 77 அடி நீளமும் 28 அடி அகலமும் கொண்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூரையிட்ட திறந்த திண்ணை. தளம் தரையிலிருந்து 5 அடிக்கு மேல் உயர்த்தப்பட்டுள்ளது. படியேறி வரும் வழியில் சற்றுத் தாழ்வாக இன்னொரு திறந்த மேடையும் உண்டு.

உள்ளே அறைகள் கிடையாது. நடுவில் மரப் பலகையால் மூடப்பட்ட ஒரு பெட்டி போன்ற பகுதி மட்டும் இருக்கிறது. இரண்டு குளியலறைகள், சமையல் மேடை, கணப்பு அடுப்பு எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். படுக்கும் இடம், உட்காரும் இடம், உண்ணும் இடம் ஆகியவை அதைச் சுற்றி அமைகின்றன. அவற்றைப் பிரிக்கச் சுவர் இல்லை. தரையில் பாவியது இத்தாலியிலிருந்து வந்த டிராவர்டைன் கல். குளிர்காலத்துக்காகத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன.

எஃகு வேலைக்கு மிகுந்த கவனம் தேவைப்பட்டது. தூண்களையும் விட்டங்களையும் பற்றவைத்த தடம் தெரியாதபடி தேய்த்து, மணல் வீசிச் சுத்தம் செய்து, வெள்ளை வண்ணம் பூசினார்கள். தூண் எப்படி விட்டத்தைப் பிடித்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பார்ப்பவருக்கு எளிமையாகத் தெரிந்த ஒவ்வொன்றும் செய்பவருக்குக் கடினமான, செலவு மிகுந்த வேலையாக இருந்தது.

வீட்டின் மாதிரி 1947ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மீஸின் படைப்புகளுக்காக நடந்த கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஓர் ஆணிகூட அடிக்கப்படுவதற்கு முன்பே வீடு புகழடைந்துவிட்டது. கண்காட்சியை அமைத்த ஃபிலிப் ஜான்சன் இந்த மாதிரியால் தூண்டப்பட்டு கனெடிகட் மாநிலத்தில் தனக்கென ஒரு கண்ணாடி வீட்டை 1949ஆம் ஆண்டிலேயே கட்டி முடித்தார்.

கட்டுமானமும் செலவும்

கையில் பணம் சேரும் வரை ஃபார்ன்ஸ்வொர்த் காத்திருந்தார். குடும்பச் சொத்திலிருந்து ஒரு பங்கு கிடைத்த பிறகு 1949ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. பொது ஒப்பந்ததாரர் எவரையும் அமர்த்தாமல் மீஸின் அலுவலகமே பொருட்களை வாங்கி, வேலையாட்களை ஏற்பாடு செய்து கட்டுமானத்தை நடத்தியது. வரைபவரும் கட்டுபவரும் ஒருவரே. செலவு கூடும்போது அதைத் தடுத்துக் கேள்வி கேட்க இடையில் வேறொருவர் இல்லை.

தொடக்கத்தில் 40,000 டாலர் அளவில் முடிந்துவிடும் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக ஃபார்ன்ஸ்வொர்த் பின்னர் கூறினார். மதிப்பீடு படிப்படியாக ஏறியது. 1950ஆம் ஆண்டு கொரியப் போர் தொடங்கியதும் கட்டுமானப் பொருட்களின் விலை உயர்ந்தது. முடிவில் செலவு சுமார் 74,000 டாலரை எட்டியது. அதே காலத்தில் நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுனில் ஒரு குடும்பம் முழு வீட்டை 7,990 டாலருக்கு வாங்க முடிந்தது. ஒரே ஒருவர் வார இறுதியில் தங்கும், அறைகளே இல்லாத ஒரு வீட்டுக்கு அதைப் போல் ஒன்பது மடங்கு செலவானது.

ஃபார்ன்ஸ்வொர்த்தும் இந்தச் செலவில் பங்குள்ளவர்தான். கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு அடிக்கடி சென்றார், வரைபடங்களைப் பார்த்தார், கணக்குகள் வரும்போது பணம் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு பெரும் கலைப்படைப்பு உருவாவதில் தானும் பங்கேற்கிறோம் என்ற மகிழ்ச்சி அப்போது அவருக்கு இருந்தது. தயக்கம் எழுந்தபோது வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

குடியேறிய பின்

1950ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவை அவர் அந்த வீட்டில் முதன்முறையாகக் கழித்தார். அப்போது வேலை முழுமையாக முடிந்திருக்கவில்லை. விரைவிலேயே குறைகள் தெரிந்தன. கூரை ஒழுகியது. குளிர்காலத்தில் பெரிய கண்ணாடிகளின் உட்புறம் நீர்த்துளிகள் படிந்து வழிந்தன. கோடையில் வெயில் நேராக உள்ளே விழுந்து வீடு வெப்பமானது. காற்று வர மேற்கில் கதவும் கிழக்கில் இரண்டு சிறிய ஜன்னல்களும் மட்டுமே இருந்தன. ஆற்றங்கரை என்பதால் மாலையில் விளக்கேற்றியதும் கொசுக்களும் விட்டில்களும் மொய்த்தன. திண்ணைக்கு வலை அடிப்பது வடிவத்தைக் கெடுக்கும் என்பது மீஸின் எண்ணம். ஆனாலும் பின்னர் வலை அடிக்க வேண்டியதாயிற்று.

துணி அலமாரி குறித்தும் ஒரு தகராறு நடந்தது. முதல் வடிவமைப்பில் துணி வைக்கத் தனி இடமே இல்லை. பிறகு தனியாக நிற்கும் ஓர் அலமாரி செய்ய ஒப்புக்கொண்டனர். அது 5 அடி உயரம் இருந்தால் வீட்டின் அளவுக்குப் பொருந்தும் என்றது மீஸின் தரப்பு. ஃபார்ன்ஸ்வொர்த்தோ 6 அடி உயரமானவர். அந்த அலமாரிதான் உடை மாற்றும்போது அவருக்கு இருந்த ஒரே மறைப்பு. உயரம் குறைந்தால் தலை வெளியே தெரியும். சாலையிலிருந்து பார்த்தால் சமையல் பகுதியின் அடிப்பாகம் வரை தெரிவதால் குப்பைத் தொட்டியைக்கூட அங்கே வைக்க முடியவில்லை என்றும் அவர் பத்திரிகைகளிடம் கூறினார். வீட்டைப் பார்க்க வந்த முன்பின் அறியாதவர்கள் ஆற்றங்கரையில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதும் வழக்கமானது.

அவர் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. மீஸ் வடிவமைத்த நாற்காலிகளை வாங்காமல், குடும்பத்திலிருந்து வந்த பழைய தட்டுமுட்டுப் பொருட்களையும் தனக்குப் பிடித்த ஸ்காண்டிநேவிய மரச்சாமான்களையும் கொண்டு வந்து வைத்தார். சுமார் 20 ஆண்டுகள் அந்த வீட்டைப் பயன்படுத்தினார்.

வழக்கு

எடித் ஃபார்ன்ஸ்வொர்த் தன் கட்டடக் கலைஞர் மீது வழக்குத் தொடுத்தார் என்று பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. உண்மையில் முதலில் வழக்குத் தொடுத்தவர் மீஸ். மேற்கொண்டு பணம் தர ஃபார்ன்ஸ்வொர்த் மறுத்ததால், தனக்கு வர வேண்டிய சுமார் 28,000 டாலருக்காக 1951ஆம் ஆண்டு அவர் நீதிமன்றத்தை நாடினார். ஒப்புக்கொண்டதற்கு மேல் தன்னிடம் பணம் பெறப்பட்டதாகக் கூறி 33,000 டாலருக்கும் மேல் கேட்டு ஃபார்ன்ஸ்வொர்த் எதிர்வழக்குப் போட்டார்.

1952ஆம் ஆண்டு யார்க்வில் நகரில் சிறப்பு அலுவலர் ஒருவர் முன்னிலையில் பல வாரங்கள் விசாரணை நடந்தது. சாட்சியப் பதிவு மூவாயிரம் பக்கங்களைத் தாண்டியது. எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லாததால், யார் எப்போது என்ன சொன்னார் என்பதே வாதமாக மாறியது. குறிப்பிட்ட தொகைக்குள் முடித்துத் தருவதாக வாக்களிக்கவில்லை என்றார் மீஸ். மதிப்பீட்டை நம்பித்தான் இறங்கினேன் என்றார் ஃபார்ன்ஸ்வொர்த். கூரை, கண்ணாடி, கழிவுநீர்க் குழாய் என ஒவ்வொன்றும் விசாரணையில் அலசப்பட்டது.

1953ஆம் ஆண்டு சிறப்பு அலுவலர் மீஸுக்குச் சாதகமாக அறிக்கை தந்தார். வேலை நடந்ததை அறிந்தும், கணக்குகளைப் பார்த்துப் பணம் கொடுத்தும் வந்தவர் பிறகு மறுக்க முடியாது என்ற வாதம் வென்றது. ஆயினும் சட்டப் போராட்டம் உடனே முடியவில்லை. 1950களின் நடுவில் ஃபார்ன்ஸ்வொர்த் 2,500 டாலர் கொடுப்பது என்ற சமரசத்தில் அது முடிவடைந்தது. மீஸ் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஃபார்ன்ஸ்வொர்த் வக்கீல்களுக்குச் செலவிட்ட பணமும் திரும்பவில்லை. இருவரும் மீண்டும் நண்பர்களாகவும் இல்லை.

இருவருக்கும் இடையே காதல் இருந்ததாகவும் அது முறிந்ததால்தான் வழக்கு வந்ததாகவும் ஒரு கதை நீண்ட காலம் உலவியது. நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்டவை பணமும் வேலையின் தரமும்தான். காதல் கதை பரவியதன் விளைவாக, வீட்டைப் பற்றி ஃபார்ன்ஸ்வொர்த் சொன்ன நியாயமான குறைகளும் மனக்கசப்பின் வெளிப்பாடாகவே பார்க்கப்பட்டன.

பத்திரிகைப் போர்

வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியேயும் பேசப்பட்டது. 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹவுஸ் பியூட்டிஃபுல் இதழின் ஆசிரியர் எலிசபெத் கார்டன் நவீனக் கட்டடக் கலையைக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். குறைவே நிறைவு என்ற கொள்கை மக்களின் வசதியைப் பறிக்கிறது, எப்படி வாழ வேண்டும் என்று மேலிருந்து கட்டளையிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அமெரிக்காவில் கம்யூனிச அச்சம் மேலோங்கியிருந்த காலம் என்பதால் அந்த வாதம் அரசியல் நிறமும் பெற்றது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கார்டனுக்கு ஆதரவு தெரிவித்தார்.

ஆனால் ரைட் கட்டிய வீடுகளும் இத்தகைய சிக்கலுக்குத் தப்பவில்லை. பென்சில்வேனியாவில் அருவியின் மேல் அவர் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டுக்கு, உரிமையாளர் எட்கர் காஃப்மன் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு செலவானது. வெளியே நீண்டிருந்த கான்கிரீட் தளங்கள் தொடக்கத்திலேயே தொய்ந்தன. 2002ஆம் ஆண்டு அவற்றை எஃகு வடங்களால் இழுத்துக் கட்டி வலுப்படுத்த வேண்டியிருந்தது. பாரிசுக்கு அருகே லெ கொர்பூசியே கட்டிய வில்லா சவோயில் மழை ஒழுகுவதாக வீட்டுக்காரப் பெண்மணி 1930களில் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். மூன்று வீடுகளும் இன்று அருங்காட்சியகங்கள்.

ஆறும் பாலமும்

வீட்டைத் தரையிலிருந்து உயர்த்தியதற்குக் காரணம் வெள்ளம். அதுவரை அறியப்பட்ட வெள்ள மட்டத்தைக் கணக்கில் கொண்டே உயரம் முடிவு செய்யப்பட்டது. 1954ஆம் ஆண்டு வெள்ளம் அந்தக் கணக்கைப் பொய்யாக்கி வீட்டுக்குள் புகுந்தது. ஆற்றின் மேல்புறத்தில் நகரங்கள் வளர்ந்து நிலம் கான்கிரீட்டாகவும் தாராகவும் மாறியபோது மழைநீர் இன்னும் வேகமாக ஆற்றில் சேர்ந்தது. 1996ஆம் ஆண்டு வெள்ளம் கண்ணாடிகளை உடைத்து உள்ளிருந்த மரவேலைகளை நாசமாக்கியது. 2008ஆம் ஆண்டும் தண்ணீர் தளத்துக்கு மேல் ஏறியது.

ஃபார்ன்ஸ்வொர்த்தை அங்கிருந்து வெளியேறத் தூண்டியது வேறொரு காரணம். 1960களின் பிற்பகுதியில் புதிய சாலைக்கும் பாலத்துக்கும் வேண்டி கெண்டல் மாவட்ட நிர்வாகம் அவருடைய நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. அவர் நீதிமன்றத்தில் எதிர்த்தும் பயனில்லை. அமைதி தேடி வந்த இடத்தில் வாகன இரைச்சல் கேட்கத் தொடங்கியது. வீட்டை விற்பதாக விளம்பரம் கொடுத்தார். லண்டனைச் சேர்ந்த பீட்டர் பலும்போ 1972ஆம் ஆண்டு அதை வாங்கினார். ஃபார்ன்ஸ்வொர்த் இத்தாலிக்குச் சென்று இத்தாலியக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1977ஆம் ஆண்டு அங்கேயே இறந்தார். மீஸ் அதற்கு முன்பே 1969ஆம் ஆண்டு சிகாகோவில் காலமாகியிருந்தார்.

இன்றைய நிலை

பலும்போ மீஸின் ரசிகர். திண்ணையில் இருந்த வலையை நீக்கினார், குளிர்சாதன வசதியைச் சேர்த்தார், மீஸ் வடிவமைத்த மரச்சாமான்களை உள்ளே வைத்தார். 2003ஆம் ஆண்டு டிசம்பரில் வீடு ஏலத்துக்கு வந்தது. வாங்குபவர் வீட்டைப் பிரித்து வேறிடத்துக்குக் கொண்டு போய்விடுவார் என்ற அச்சம் எழுந்ததால், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகள் நன்கொடை திரட்டி சுமார் 75 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தன. 2004ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பல ஆண்டுகள் வரை வழிகாட்டிகள் மீஸைப் பற்றியே பேசினர். ஃபார்ன்ஸ்வொர்த் வழக்குப் போட்ட வாடிக்கையாளராக மட்டுமே அறியப்பட்டார். 2020ஆம் ஆண்டு அவர் வாழ்ந்த காலத்தில் இருந்தபடி மரச்சாமான்களை அடுக்கி ஒரு கண்காட்சி அமைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு வீட்டின் பெயர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் என்று மாற்றப்பட்டது.

இந்த வரலாற்றில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. மீஸ் தன் கொள்கையில் தளர்ந்திருந்தால் இந்த வடிவம் உருவாகியிருக்காது. ஃபார்ன்ஸ்வொர்த் நிலமும் பணமும் தந்து பொறுமையாகக் காத்திராவிட்டால் அது வரைபடமாகவே நின்றிருக்கும். குடியிருப்பவருக்கு என்ன வேண்டும், செலவு எங்கே நிற்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதியிருந்தால், விசாரணையின் மூவாயிரம் பக்கங்கள் தேவைப்பட்டிருக்காது. இன்று வீட்டைப் பார்க்க வருபவர்கள் கண்ணாடியையும் வெள்ளைத் தூண்களையும் மட்டுமல்லாமல் அந்தத் துணி அலமாரியையும் பார்க்கிறார்கள். வீடு யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை நினைவூட்டும் பொருள் அது.